பாதுகாப்புத் திட்டுநர் துளசிமணி

வெள்ளக்கல்மேட்டில் ஒருவரைப் புகழ்ந்தால் அவர் வளர்வார், திட்டினால் குறைவார். உயிரில்லாத பொருளும் அப்படித்தான். ஆகையால் அங்கே உயர் அழுத்த மின்கம்பிக்குப் பக்கத்தில் எந்த வேலை நடந்தாலும் பாதுகாப்புத் திட்டுநர் ஒருவர் உடனிருந்தாக வேண்டும். கம்பிக்கும் ஆளின் உச்சந்தலைக்கும் நடுவே பதினைந்து அடி இருக்க வேண்டும் என்பது விதி. மற்ற ஊர்களில் அதற்குக் கண் போதும். இங்கே வாயும் வேண்டும்.

துளசிமணி பதினொரு வருஷமாகத் திட்டுநர். அவள் பார்வையில் ஓர் ஆள்கூடக் கருகியதில்லை. பந்தல்காரர்கள், வைக்கோல் லாரிக்காரர்கள், பேனர் கட்டுகிறவர்கள் என்று எல்லாரையும் வாய் நிறையத் திட்டிப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள்.

அன்றைக்கு நாச்சிமுத்துவின் வாழைத் தோட்டத்தில் போர்வெல் போட்டார்கள். தோட்டத்துக்கு மேலே போகும் உயர் அழுத்த லைனை வெள்ளிக்கிழமை நிறுத்தித் தருவதாக மின் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். நாச்சிமுத்துவுக்கு அதுவரை பொறுக்கவில்லை. புதன்கிழமையே வண்டியை வரவழைத்துவிட்டார். துளசிமணி முதல் காரியமாக, துளை போடும் ரிக் வண்டியை ஒரு சுற்றுத் திட்டி இரண்டடி இறக்கினாள். இரண்டு மூங்கில் நட்டு, குறுக்கே கயிறு கட்டி, சிவப்புத் துணியைத் தொங்கவிட்டாள். அதற்கு மேலே எந்தத் தலையும் போகக் கூடாது. பிறகு ரிக் ஓட்டும் செங்கோட்டுவேலின் பக்கம் திரும்பினாள்.

"கையி எதுக்கு இருக்குது, சோத்தப் பெசையறதுக்கா? உன்னையெல்லாம் வண்டியில ஏத்துனவன் எவன்?"

செங்கோட்டுவேல் நான்கு விரற்கடை வளர்ந்தான்.

துளசிமணி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அவனுக்குத் தெரியாதவரை ஆபத்தும் இல்லை. ஆனால் முந்தின நாள் டீக்கடையில் அவள் அவனைப் பற்றிச் சொன்னதை, கடைக்காரர் வாய் சும்மா இருக்க மாட்டாமல் அவனிடமே சொல்லிவிட்டார். பிரியமானவர்கள் திட்டினால் இந்த ஊரில் அதுவும் புகழ்ச்சியாகத்தான் உடம்பில் ஒட்டும். வேறு திட்டுநரை வரவழைக்கலாமென்றால் பக்கத்து ஊருக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும். அனுப்பினாள். அதுவரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினொரு மணிக்குத் தண்ணீர் பீய்ச்சியது. நாச்சிமுத்து துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"சாமி, நீ மனுசனே இல்ல! கங்கையக் கொண்டாந்த பகீரதனப்பா நீ!"

செங்கோட்டுவேல் இரண்டு முழம் வளர்ந்தான். வளர்ந்த கால்கள் வண்டியில் அடுக்கியிருந்த குழாய்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டன. அதே சமயத்தில் ஊரில் கரண்ட் போனது. எங்கேயோ ஒரு டிரான்ஸ்பார்மர் செய்த தப்புக்கு ஊரே வாசலுக்கு வந்து இந்தக் கம்பியைத் திட்டியது. கம்பியில் கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது; திட்டுப் பொறுக்காமல் அது ஓரடி தாழ்ந்தது.

"வாய மூடுங்க. வண்டியத் தொடாம அப்படியே தள்ளிப் போங்க" என்று துளசிமணி நாச்சிமுத்துவை விரட்டினாள். பக்கத்து ஊர்த் திட்டுநர் இன்னும் வந்து சேரவில்லை. வேறு வழியில்லாமல், தனக்குத் தெரிந்த திட்டுகளிலேயே மோசமானதாக மூன்றைப் பொறுக்கி எடுத்து, அடிவயிற்றிலிருந்து செங்கோட்டுவேலைத் திட்டினாள். மூன்றுக்கும் அவன் முகம் மலர்ந்தது. சிவப்புத் துணி அவன் தோளுக்கு வந்துவிட்டது. தலைமயிர் ஒவ்வொன்றாகக் கம்பியை நோக்கி எழுந்து நின்றது.

துளசிமணி அவனைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கம்பியைப் பார்த்தாள்.

"நாச்சிமுத்தண்ணா, அதப் பாருங்க. லட்சத்துப் பத்தாயிரம் வோல்ட்டச் சுமந்துக்கிட்டு ஒரு வார்த்த பேசுதா? மழைன்னு ஒரு நாளு லீவு போட்டிருக்குதா? வாய்ச்சா எனக்கு இப்படி ஒண்ணு வாய்க்கோணும்."

கம்பி விருட்டென்று மேலே போனது. செங்கோட்டுவேலின் முகம் சுருங்கியது. பின்னாலேயே மற்றதெல்லாம் சுருங்கியது. குழாய்களுக்கு நடுவிலிருந்து கால்களை உருவிக்கொண்டு, வண்டியிலிருந்து இரண்டு காலும் ஒன்றாகக் குதித்து இறங்கியபோது அவன் ஒரு பால்கேன் உயரம் இருந்தான். துளசிமணி அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

வேலை முடிந்தால் ஆளைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்து விடுவதும் திட்டுநரின் பொறுப்பு. தோட்டத்தைத் தாண்டி, ரிக்கோடு வந்து ரோட்டோரம் நின்றிருந்த லாரியில் அவனைத் தூக்கி உட்கார வைத்து, பக்கத்தில் தானும் ஏறிக்கொண்டாள். கிளட்ச் அவன் காலுக்கு வெகு தூரத்தில் இருந்தது.

"அந்தக் கம்பிதான் ஒசத்தியா?" என்றான் செங்கோட்டுவேல், வெளியே பார்த்துக்கொண்டு.

"நாலு தாலுக்காவுல உங்களாட்டம் ரிக் ஓட்ட ஆளில்ல. அதத்தான் டீக்கடையில சொன்னனுங்க."

கால் கிளட்சுக்கு எட்டியது.

"வேறென்ன சொன்ன?"

"கட்டுனா உங்களத்தான் கட்டோணும்னு சொன்னனுங்க."

அவன் தலை லாரியின் கூரையைத் தொட்டது. "போதும்" என்றான். வண்டி புறப்பட்டது.

அரை மைல் போனதும் பக்கக் கண்ணாடியில் இரண்டு மின் கோபுரங்கள் தெரிந்தன. வரப்பு மிதிபடாமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, கம்பியோடு அவை வண்டிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தன.

"வேகமாப் போங்க. பதினஞ்சடி வேணும்" என்றாள் துளசிமணி. பிறகு கையையோ தலையையோ வெளியே நீட்டாமல், ஜன்னல் வழியாக அவற்றை வாய் நிறையத் திட்டினாள்.

கோபுரங்கள் இரண்டும் ஓரடி வளர்ந்தன.