சுருக்கிய படங்கள்

நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிக்குக் கையேடு எழுதியவள் அவள். கருவியின் திரையைக் கட்டத்துக்குக் கட்டம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துச் சேர்த்திருந்தாள். இணையத்தில் ஏற்றியபோது பக்கம் திறக்க நேரமானது. மேலாளருக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது.

"ஆமை மாதிரி ஊருதும்மா. எல்லாப் படத்தையும் சின்னதாக்கு."

"அச்சுக்குப் பெரிய படம் வேணுமே சார். அதைத் தனியா..."

"இந்தக் காலத்துல யாரு அச்சடிக்கிறா? ரெண்டு ரெண்டா வச்சுக் குழப்பாதே."

எல்லாவற்றையும் சுருக்கினாள். பெரிய படங்களின் மேலேயே சின்னவை பதிந்து, பெரியவை அழிந்துபோயின.

அடுத்த மாதமே மருத்துவமனை புத்தகமாகக் கேட்டது. வார்டுக்குள் செல்போன் கூடாதாம். அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தாள். எண்கள் ஈசல் மொய்த்தாற்போல் மங்கிக் கிடந்தன. 1.5 என்ற இடத்தில் நடுப்புள்ளியையே காணோம்.

பக்கம் வடிவமைப்பவனை எல்லோரும் 'சோடாபுட்டி' என்பார்கள். "இழுத்தா பெருசாகும்க்கா, தெளிவாகாது. இல்லாததை நான் எங்கேருந்து கொண்டார்றது? மறுபடி எடுத்துக் குடுங்க," என்றான்.

சோதனை அறைக்கு ஓடினாள். அங்கிருந்த கருவியில் புது மென்பொருள் ஏற்றியாகிவிட்டது. திரையின் முகமே வேறு.

"பழசு ஆஸ்பத்திரியில மட்டுந்தான் இருக்கு," என்றார் பொறியாளர். "நோயாளி கையில மாட்டியிருக்கிற மெஷின்ல படம் எடுக்க உங்களைக் கேபிள் சொருக விடுவாங்களா?"

கடைசியாக மேலாளரிடம் கெஞ்சினாள். "படத்துல எண் தெளிவா இல்லைன்னு ஒரு துண்டுச்சீட்டாவது வைக்கலாம் சார்."

"நம்ம குறைய நாமளே தண்டோரா போடணுமா? போம்மா."

புத்தகம் போயிற்று. அதன்பின் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவன் காரணம் கேட்டதற்கு, "படம் மங்கிடுச்சு," என்றாள். "இதுக்குப் போயா?" என்று சிரித்துவிட்டு அவன் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒரு காலையில் அலுவலகத்துக்குப் போன் வந்தது. நர்ஸ்.

"மேடம், உச்ச அளவு படத்துல இருக்கிறது ஒண்ணரையா, பதினஞ்சா?"

"ஒண்ணரை! ஒண்ணரைதான்!" கத்தியே விட்டாள். "பேனாவால எழுதிடுங்கம்மா. மத்த வார்டுக்கும் கொஞ்சம் சொல்லிடுங்க."

"எனக்கு இந்த வார்டு மட்டுந்தான் மேடம். மத்தவங்க யாருன்னே தெரியாது."

மற்ற வார்டுகளின் போன் எண்களையாவது வாங்கிவிடலாம் என்று அவள் வாய் திறப்பதற்குள், அந்தப் பக்கம் யாரோ நர்ஸைக் கூப்பிட்டார்கள். போன் வைக்கப்பட்டது.