பங்குதாரர்கள்

விடிந்தும் விடியாத நேரத்தில் நெட்டையன் கம்பத்தின் உச்சியில் இருந்தான். இடுப்புக் கயிறு அவனைக் கம்பத்தோடு இழுத்துப் பிடித்திருந்தது. இரவெல்லாம் பெய்த மழையில் இரும்பு சில்லிட்டு, வைத்த கை வழுக்கியது. கறுப்புக் கேபிளை எட்டிப் பிடித்து வெட்டினான். அது தொப்பென்று தெருவில் விழுந்தது. கீழே நின்ற மச்சான், அவன் மனைவியின் தம்பி, அதை முழங்கையில் வளையம் வளையமாகச் சுற்றினான். பல வருட வெயிலில் வெந்த கேபிளின் தோல் பொடியாக உதிர்ந்து இருவர் கையிலும் கரியாக அப்பியது.

அந்தக் கேபிளை அங்கே கட்டியவனும் நெட்டையன்தான். ஏணி வாங்க வக்கில்லாத காலத்தில் கேபிள் முதலாளியின் தோளில் ஏறி நின்று கட்டினான். அன்றிலிருந்து அவர் அவனுக்கு அண்ணன். அப்போதெல்லாம் மாலையில் தொடர் ஓடும்போது கொஞ்ச நேரம் லைன் போனால் போதும், தெருவே அவன் வாசலில் நிற்கும். "அந்தப் பொண்ணு கழுத்துல தாலி ஏறுச்சா இல்லையான்னே தெரியாமப் போச்சேய்யா, நீ நல்லா இருப்பியா?" என்று பெண்கள் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது தெருவின் லைன் முழுவதையும் வெட்டிப் போட்டாயிற்று. ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. எல்லாருக்கும் தொடரும் படமும் நெட்டில் வருகின்றன. மாமியார் ஹாலில் ஒன்று பார்க்கிறாள், மருமகள் சமையலறையில் வேறொன்று பார்க்கிறாள். நெட்டையனின் மனைவியே துணி மடிக்கும்போது போனைச் சுவரில் சாய்த்து வைத்துத்தான் பார்க்கிறாள். "கேபிள்காரன் பொண்டாட்டி பண்ற வேலையாடி இது?" என்று அவன் கேட்டால், "உன் லைன்ல விளம்பரம்தான்யா ஓடுது" என்பாள்.

முதலாளி காற்றடிக்கும் பக்கம் பார்த்து நெட் கம்பெனியின் ஏஜென்சியை எடுத்துக்கொண்டார். கேபிள் ஆட்களின் கூலி முதலில் பாதியானது. பிறகு பழைய கேபிளைக் கழற்றும் வேலை மட்டும் மிஞ்சியது. கழற்றி முடித்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

புது லைன் இழுக்க நெட் கம்பெனியின் நீலச்சட்டைக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு வேலை போனில் வரும். ஏற்றுக்கொண்டதுமே நேரம் ஓடத் தொடங்கும். தாமதமானால் அடுத்த வேலை வராது. "நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட வந்தவனுங்க" என்பான் மச்சான். நெட்டையன் அவர்கள் முகத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

அந்த விடியலில் பக்கத்துக் கம்பத்துக்கு ஒரு நீலச்சட்டை வந்தான். முப்பது வயதிருக்கும். இடுப்பில் கயிறு இல்லை.

"கம்பம் ஈரமா இருக்கு. கொஞ்சம் காயட்டும்" என்றான் நெட்டையன், மனசு கேட்காமல்.

"நேரம் ஓடுதுண்ணே" என்று அவன் போனைத் தட்டிக் காட்டிவிட்டு ஏறினான்.

நெட்டையனின் பையில் இன்னொரு கயிறு இருந்தது. எடுத்துப் போடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். நமக்கென்ன என்று அடுத்த வெட்டுக்குத் திரும்பினான். ஒரு அலறல் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது கம்பத்தில் ஆள் இல்லை.

அவனைப் பலகையில் கிடத்தி ஆட்டோவில் ஏற்றினார்கள். "கால் எங்கண்ணே இருக்கு? கால் இருக்கிறதே தெரியலையே" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அலுவலகத்துக்குப் போனார்கள். செய்தி கேட்டு, கேபிள் ஆட்களும் மற்ற நீலச்சட்டைகளும் ஏற்கெனவே வாசலில் நின்றார்கள், சேராமல், ஆளுக்கொரு பக்கமாக.

"பாவம்தான்" என்றார் முதலாளி. "ஆனா அவன் நம்ம ஆளு கிடையாதே. கம்பெனிக் கணக்குல அவங்கல்லாம் பங்குதாரர்கள். தொழிலாளி இல்லை."

"பங்குதாரரா? எதுலண்ணே பங்கு? லாபத்துலயா, விழுறதுலயா?" என்றான் நெட்டையன்.

"என்கிட்ட ஏன் பாயுற? நான் எழுதின சட்டமா?"

"வைத்தியச் செலவை யார் பாக்குறது?"

முதலாளி எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார். குரலைத் தணித்தார். "நீ எதுக்கு இதுல தலையைக் குடுக்குற? அவன் விட்ட லைனை நீ போய் முடி. உன்னையும் மச்சானையும் இங்கேயே வச்சுக்கிறேன். நீ என் தோள்ல ஏறி நின்னவன்டா."

அந்த வேலைக்காகத்தான் இத்தனை மாதமாக அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான் நெட்டையன். வாசலில் நின்ற நீலச்சட்டைகள் அவனையே பார்த்தார்கள். அவன் ஏறுவான் என்றே அவர்கள் நினைத்தது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

"ஏற மாட்டேண்ணே" என்றான். "அவனுக்கு ஒரு வழி சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

"நீ இல்லைன்னா ஆள் கிடைக்காதா?"

"கிடைக்கும். அதுதானே எங்க தலையெழுத்தாப் போச்சு."

வாசலில் போய் உட்கார்ந்தான். கேபிள் ஆட்கள் உட்கார்ந்தார்கள். கொஞ்சம் தள்ளி, தயங்கித் தயங்கி, நீலச்சட்டைகளும் உட்கார்ந்தார்கள்.

"மாமா, முன்னெல்லாம் லைனை நிறுத்தினா ஊரே கூடும்" என்றான் மச்சான் மெதுவாக. "இப்ப நாம உட்கார்ந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"யாருக்கும் தெரியாதுடா."

மனைவியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னான். "யோசிச்சுத்தான் சொன்னியா?" என்றாள்.

"இல்லை."

"நல்லா இருக்குய்யா உன் நியாயம். நாளைக்கு அடுப்பு எரிய வேண்டாமா?" பெருமூச்சு கேட்டது. "அந்த ஆளோட பொண்டாட்டி ஆஸ்பத்திரில தனியாவா இருக்கா?"

"ஆமா."

"நான் போறேன்."

மதியம் தாண்டி ஒரு வேன் வந்தது. வேறு பகுதியிலிருந்து கூட்டி வந்த ஆட்கள், எல்லாரும் நீலச்சட்டை. முதலாளிக்கு உயிர் வந்தது. "இறங்குங்கப்பா, நேரமாகுது" என்று கை தட்டினார்.

நெட்டையன் எழுந்து அவர்கள் முன்னால் போய் நின்றான்.

"உங்களைத் தடுக்க எங்களுக்குத் தெம்பு கிடையாது" என்றான். "உங்களை மாதிரி ஒருத்தன் காலையில விழுந்துட்டான். இனிமே நடப்பானான்னு தெரியாது. என்கிட்ட ஒரு கயிறு இருந்துச்சு. நான் குடுக்கலை. இதைச் சொல்லத்தான் வந்தேன். இனி உங்க இஷ்டம்."

அவர்கள் சட்டைப்பைகளில் போன்கள் ஒவ்வொன்றாக அதிர்ந்தன. மூன்று பேர் குனிந்த தலை நிமிராமல் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு பேர் வேனிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். நரைத்த தாடிக்காரர் ஒருவர் மட்டும் போனை வெளியே எடுத்தார். அது நடுங்கி ஓயும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அதை அணைத்தார்.

"விழுந்த ஆளுக்குக் குழந்தைங்க இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு."

மறுபடி தூறல் விழுந்தது. கேபிள் ஆட்கள் கிழிந்த தார்ப்பாய் ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்தார்கள். எல்லாருக்கும் அது போதவில்லை. மச்சான் மழைப்பக்கமாக நகர்ந்து, தாடிக்காரருக்கு இடம் விட்டான்.

"உள்ள வாங்கண்ணே" என்றான்.