துணி உட்காராத மூலை

1

என் புத்தக அலமாரியின் கதவு தொங்கிப்போனதால்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. சரிசெய்ய ஆள் தேடி ஒரு தச்சர் வீட்டுக்குப் போனேன். முன்னறையை அடைத்துக்கொண்டு, ஆள் நீளத்துக்கும் மேலாக ஒரு மரப்பெட்டி. கட்டிலா என்று கேட்டேன். மீன் தொட்டி என்றார். மரத்திலா என்றேன். தச்சன் வேறெதில் செய்வான் என்பதுபோல் பார்த்தார். அலமாரிக் கதவு இன்றும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எழுத விஷயம் கிடைத்த பிறகு கதவை யார் பார்க்கிறார்கள்.

2

முதல் தொடக்கம்: "வானம் இருண்டிருந்த அந்த மாலையில் தச்சர் தன் உளியை—"

வேண்டாம். வீட்டுக்குள் நடக்கிற கதைக்கு வானம் எதற்கு?

இரண்டாவது: "மரத்துக்கும் தண்ணீருக்கும் ஆதிகாலம் தொட்டே—"

கட்டுரைப் போட்டி வாடை அடிக்கிறது.

மூன்றாவது: மீனால் திரும்ப முடியவில்லை.

சரி, இங்கிருந்தே போகலாம்.

3

மீனால் திரும்ப முடியவில்லை. விரல் நீளத்தில் வாங்கி வந்தது, கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. பழைய கண்ணாடித் தொட்டியில் திரும்ப வேண்டுமானால் உடம்பை வளைத்து, வாலை மூக்கருகே கொண்டுவர வேண்டும். தச்சரின் மனைவி அதைப் 'பெரியவர்' என்றுதான் கூப்பிடுவார். அந்தம்மாவுக்குத் தையல் வேலை. ஜன்னலோரம் மெஷின், மெஷினுக்குப் பக்கத்தில் பெரியவர். அந்தம்மா விரலில் வைத்துக் கொடுத்தால் தின்பார்; தச்சர் கொடுத்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார், அதாவது திருப்ப முடிந்த காலத்தில்.

குளம் வைத்திருக்கும் ஒருவர் மாதக் கடைசியில் வண்டியோடு வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு. வரச் சொன்னதே அந்தம்மாதான். இந்தக் கஷ்டத்தைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லையாம். சொல்லிவிட்டுச் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்ததும் அவரேதான். அதைப் பார்த்த பிறகுதான், நானே பெரிய தொட்டியாகக் கட்டுகிறேன் என்று தச்சர் சொன்னார்.

"அவர் வர்றதுக்குள்ள ஒழுகாத தொட்டி இருந்தா பெரியவர் இங்கயே இருக்கட்டும். இல்லன்னா அனுப்பிடலாம்" என்றார் அந்தம்மா.

[குளத்துக்காரரை வில்லனாக்கிப் பார்த்தேன். நல்ல மனிதர், ஒத்துழைக்கவில்லை.]

4

தடித்த பிளைவுட். முன்பக்கம் மட்டும் கண்ணாடி. உள்ளே முழுக்க ஃபைபர் துணியை விரித்து, அதன்மேல் ரெசின் என்கிற பிசினைப் பூச வேண்டும். காய்ந்தால் இரண்டும் சேர்ந்து ஓடுபோல இறுகிவிடும். தண்ணீர் மரத்தைத் தொடாது.

தச்சர் உயிரைக் கொடுத்தது மூலைகளுக்கு. நேர்கோணம் பார்க்கிற மூலைமட்டத்தை வைத்தால் இடுக்கில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியாது. போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கும் காட்டினார். நான் தலையாட்டினேன். [மூலையில் பார்க்க என்ன இருக்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது.] ரெசின் நாற்றம் தாங்காமல் அந்தம்மா மெஷினைப் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

காய்ந்தது. தண்ணீர் நிரப்பினார்கள். பாதிகூட ஏறவில்லை, இடது மூலையில் மரம் உப்பிக்கொண்டு ஒழுக ஆரம்பித்தது. தரையைத் துடைத்தே அந்தம்மாவின் வெட்டுத்துணி மூட்டை காலி.

தண்ணீரை இறைத்துவிட்டு, தச்சர் மூலையை விரல் முட்டியால் தட்டினார். மற்ற இடமெல்லாம் கெட்டியாகக் கேட்டது, அங்கே மட்டும் பொள்ளலாக. கத்தியால் கீறிப் பார்த்தால் உள்ளே ஒரு விரல் போகிற அளவுக்கு வெற்றிடம். துணி மூலைக்குள் இறங்கவே இல்லை, குறுக்கே தாண்டிப் போயிருந்தது. தண்ணீர் கனம் வந்ததும் அந்த இடம் விரிசல்விட்டது.

5

இங்கே எனக்குத் தகராறு. முதல் பிரதியில் அந்தம்மாவைத் திட்டவைத்தேன். இரண்டாவதில் அழவைத்தேன். கதையில் பெண்களுக்கு இந்த இரண்டு வேலைதான் போல. இரண்டையும் அடித்துவிட்டேன். உண்மையில் அந்தம்மா அந்தக் கீறலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது துணிதானே?"

"ஃபைபர்."

"என்னவோ ஒண்ணு, துணிதானே. கூரான மூலையில துணி உக்காராதுங்க. ரவிக்கையில கையை உடம்போட சேர்க்கிற இடத்துல நான் என்னைக்காவது மூலை வெச்சுப் பார்த்திருக்கீங்களா?"

தச்சர் அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"நீங்க கேக்கலையே."

ஒழுகியதைவிட இதுதான் தச்சரைச் சுட்டது. இத்தனை வருஷமாக ஒரே அறையில் மரமும் துணியும். துணியில் ஒரு வேலை வந்தபோது, கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை அவருக்கு. அவமானமாக இருந்தது.

6

மூலைகளில் பழைய துணியை உரித்துவிட்டு, ஈரமெல்லாம் உலரட்டும் என்று காத்திருந்தார்கள். ரெசினில் மரத்தூளைக் குழைத்து தச்சர் மூலைகளில் அப்பினார். அந்தம்மா கரண்டியின் முதுகால் இழுத்து இழுத்து வளைவாக்கினார். தான் செதுக்கிய நேர்மூலை மறைவதைப் பார்க்கச் சகிக்காமல் தச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு புது ஃபைபர் துணியை அந்தம்மாவே வெட்டினார். ஓரத்தில் சின்னச் சின்னக் கத்தரிப்பு கொடுத்து விரித்தார். துணி ஒரு பேச்சு பேசாமல் உட்கார்ந்தது. அதன்மேல் தச்சர் ரெசின் பூசினார்.

7

முடிவு அ: ஒழுகவில்லை. பெரியவர் ஆனந்தமாகத் திரும்புகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். [காலண்டர் படம்.]

முடிவு ஆ: ஒழுகியது. வண்டி கிளம்பும்போது அந்தம்மாவும் ஏறிக்கொண்டு, மடியில் வாளியை— [எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.]

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மாதக் கடைசி. நேற்றே நிரப்பிய தொட்டி விளிம்புவரை நிற்கிறது. இடது மூலைக்கு அடியில் ஒரு செய்தித்தாளைச் செருகியிருக்கிறார்கள். ஈரமென்றால் அதில் தெரியும். வாசலில் குளத்துக்காரரின் வண்டி; அவசரமில்லை, பார்த்துட்டே சொல்லுங்க என்றுவிட்டார். நீ பாரு என்கிறார் தச்சர். நீங்க பாருங்க என்கிறார் அந்தம்மா. இருவருக்கும் கை வரவில்லை. பின்னால் பழைய தொட்டியில் பெரியவர் வாலை மூக்கருகே கொண்டுவந்து, பாதியில் நின்றுவிட்டார்.

சார், நீங்களாவது பாருங்க என்றார் தச்சர். நான் முட்டிபோட்டேன். அந்தம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டேன்.

நீங்கள் இந்த வீட்டுக்கு என்னைவிடப் புதியவர். உங்களுக்குக் கை வரும். கொஞ்சம் குனிந்து, அந்தத் தாளைத் தொட்டுப் பாருங்கள். எப்படி இருந்தாலும் முதலில் அந்தம்மாவிடம் சொல்லுங்கள்.