பங்கா நின்ற பாடம்

1

இந்தக் கதை ஒரு ஓட்டையிலிருந்து வந்தது. ஒரு சான்றிதழுக்காகப் பழைய கல்லூரிக் கட்டடத்தில் காத்திருந்தேன். வகுப்பறைச் சுவரில், உயரத்தில், இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை; அதற்குள் சின்ன மரச்சக்கரம். காவலாளியிடம் கேட்டேன்.

"எலி போயிட்டு வர்றதுக்குங்க."

எலிக்கு எதற்குச் சக்கரம்? வீட்டுக்கு வந்து பழைய படங்களைப் புரட்டியபோதுதான் புரிந்தது. அது பங்காக் கயிறு போகும் வழி. மின்விசிறி வராத காலத்தில், நீளமான சட்டத்தில் துணி கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவார்கள். அதில் கட்டிய கயிறு சக்கரத்தின் மேலேறி, சுவரைத் தாண்டி, வராந்தாவில் இறங்கும். அங்கே ஒருவர் உட்கார்ந்து இழுக்க வேண்டும். இழுத்து விட்டால் போதும். திரும்பி வருவதைப் பங்காவின் எடையே பார்த்துக்கொள்ளும்.

(கதை எங்கே என்கிறீர்களா? கயிற்றின் அந்த முனையில்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அடிமைப்பட்ட தேசத்தின் இருண்டதொரு காலைப்பொழுதில், கண்ணீரே உருவான ஒருத்தி—"

அடித்துவிட்டேன். அவள் அழுகிற ஆள் இல்லை. கயிற்று வளையத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி, சுவரில் முதுகைச் சாய்த்து, உள்ளே நடக்கும் பாடத்தை ஒன்றுவிடாமல் கேட்கிறவள். அந்தக் கல்லூரியில் சேரப் பெரிய வீட்டில் பிறந்திருக்க வேண்டும், ஆணாகவும் பிறந்திருக்க வேண்டும். அவள் இரண்டிலும் தவறிவிட்டாள். அவள் கயிறு உள்ளே போகும். வாத்தியார் குரல் வெளியே வரும். அவ்வளவுதான் போக்குவரத்து.

இரண்டாவது தொடக்கம்: "பாடம் பிடித்துப்போனால் பங்கா நின்றுவிடும்."

இதுதான் சரி. ஒருநாள் அப்படி நின்றபோது வாத்தியார் ஓட்டையைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, தூங்கிட்டியா?"

"தூங்கினா நிக்காதுங்க ஐயா. அது கால் பழக்கம். கேட்டாத்தான் நின்னுடுது."

மாணவர்களில் மீசை என்று பெயர் வாங்கியிருந்தவன் சொன்னான்: "சார், உங்க பாடம் எப்படின்னு எங்களைக் கேக்காதீங்க. மேல பாருங்க."

அன்றிலிருந்து வாத்தியார், பாடத்தின் நடுவே, யாருக்கும் தெரியாமல் கூரையைப் பார்க்கத் தொடங்கினார்.

3

(நீங்கள் கேட்பதற்கு முன் நானே கேட்கிறேன்: பாடம் துரைமார் மொழியில்தானே நடந்திருக்கும், அவளுக்கு எப்படிப் புரிந்தது? மாணவர்களுக்கும் புரியவில்லை. அதனால் வாத்தியார் புத்தகத்தை அந்த மொழியில் படித்துவிட்டு, நம் மொழியில் விளக்குவார். படிக்கும்போது பங்கா ஓடும். விளக்கும்போதுதான் ஆபத்து.)

4

மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு அதிகாரி வருகிறார். முந்தின நாளே தலைமைக் குமாஸ்தா வராந்தாவுக்கு வந்தார்.

"நாளைக்கு ஒரு தடவை நின்னாலும் உனக்கு இங்க வேலை இல்ல. புரியுதா?"

"புரியுதுங்க. ஐயாகிட்டயும் சொல்லிடுங்க."

"என்னன்னு?"

"நாளைக்கு ஒரு நாள் நல்லா நடத்த வேணாம்னு."

கேலியாகச் சொன்னாலும் அவளுக்குப் பயம் இருந்தது. கூலி வேறு எங்காவது கிடைக்கும். கிரகணப் பாடம் கிடைக்குமா? வாத்தியார் அதைப் பாதியில் நிறுத்தியிருந்தார். மீதி அடுத்த வகுப்பில். வேலை போனால் ஆயுள் முழுக்கப் பாதிக் கிரகணம்தான்.

மறுநாள் வாத்தியார் துரைமார் மொழியிலேயே பாடம் நடத்தினார். பங்கா எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. அதிகாரிக்கு இரண்டு மொழியும் தெரியும். மேலே பார்த்தவர், மீசையை எழுப்பி, இந்தப் பங்கா ஏன் குளிர்ச்சி தருகிறது என்று கேட்டார். மீசை புத்தகத்தில் இருந்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தான்.

"சரி, அப்படின்னா என்ன?"

மீசை அதையே மறுபடி ஒப்பித்தான். வகுப்பே புத்தகத்தைப் புரட்டியது.

வாத்தியார் ஓட்டையை ஒருமுறை பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடினார்.

"பங்கா காத்தைக் குளிர வைக்கிறதில்ல. அறையில இருக்கிற அதே சூட்டுக் காத்துதான். நம்ம வேர்வை ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் கூடவே எடுத்துக்கிட்டுப் போகும். ஆனா தோலை ஒட்டி ஈரக்காத்து தேங்கி நின்னா, அது ஆவியாக இடமில்ல. பங்கா அந்த ஈரக்காத்தைத் தள்ளிவிடுது..."

பங்கா நின்றது.

அதிகாரியின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாய்ப் பூத்தது. குமாஸ்தா கதவை நோக்கி எழுந்தார்.

"பாருங்க," என்றார் வாத்தியார், கொஞ்சமும் அசராமல். "அறைச் சூடு ஏறல. ஈரம் போக வழியில்ல, அவ்வளவுதான்."

ஒரே நேரத்தில் எல்லோருக்கும் புரிந்தது. ஓட்டையிலிருந்து குரல் வந்தது.

"அப்போ இத்தனை நாளா நான் குளிர்ச்சி அனுப்பலைங்களா ஐயா?"

"இல்லம்மா. எங்க உடம்புச் சூட்டை வெளிய அனுப்பிட்டிருந்த."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. இத்தனை வருட உழைப்புக்கு அர்த்தம் தெரிந்தவளின் சிரிப்பு. அடக்க அடக்க வந்தது.

5

முடிவு ஒன்று: திட்டமிட்ட சோதனை என்று நினைத்து அதிகாரி மெச்சுகிறார். "கருவிகள் நன்று" என்று எழுதிக்கொள்கிறார். கருவி என்பது அவள்தான். வேண்டாம்.

முடிவு இரண்டு: குமாஸ்தா அவளை அனுப்பிவிடுகிறார். அந்தக் காலத்தில் இதுதான் நடந்திருக்கும். எழுத உட்கார்ந்தேன்: "அவள் கயிற்றைக் கழற்றி—" கை ஓடவில்லை.

முடிவு மூன்று: இந்தக் கதையில் சுவரைக் கட்டியது நான், கதவையும் நான் திறக்கலாம். வாத்தியார் சொல்கிறார்: "உள்ள வந்து உக்காந்து கேளும்மா." மீசை நகர்ந்து பெஞ்சில் இடம் விடுகிறான். அவள் வாசலில் நிற்கிறாள்.

"வர்றேனுங்க. கயிறை யாரு இழுக்கிறது?"

மீசை நகத்தைப் பார்க்கிறான். அதிகாரி கூரையைப் பார்க்கிறார். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இவ்வளவு நேரமாக உட்கார்ந்துதானே இருக்கிறீர்கள்? கயிறு வராந்தாவில் தொங்குகிறது. எப்படி இழுப்பதென்று முதல் பகுதியிலேயே சொல்லியிருக்கிறேன். உள்ளே கிரகணத்தின் மீதியைத் தொடங்கப்போகிறார்கள். கேட்டுக்கொண்டே உங்கள் கால் நின்றுவிட்டால் கவலைப்படாதீர்கள். ஏன் நின்றது என்று உள்ளே ஒருத்திக்குத் தெரியும்.