இரவல் பீரோ

ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க ஆள் வருகிறது என்று டிரஸ்டிலிருந்து போன் வந்ததும், நான் நேராக எதிர்வீட்டுச் சங்கரேஸ்வரியிடம் போய் அவள் பீரோவை இரவல் கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, இந்த வயசுல மாப்பிள்ளை ஆகப் போறீகளா?" என்றாள்.

"வீடு பாக்க வாராக. பிரிட்ஜும் வேணும். அந்த ரெண்டு சோபாவையும் சேத்துக் குடு. சாயந்திரம் வந்துரும்."

"என்னையும் தூக்கிட்டுப் போங்க, ஆளுக்கு ஆளாச்சு" என்று சிரித்தாளே தவிர, கொடுத்தாள். பீரோவை நாலு பேர் தூக்கினோம்.

விஷயம் இதுதான். என் மகன் தங்கசாமி ராஜபாளையம் ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போய் ரெண்டு வருசம் ஆகிறது. அவன் மகள் கனகலட்சுமியை சங்கரன்கோவிலில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் அவன்தான் சேர்த்தான். இப்போது ஒன்பதாவது. மருமகள் மாரித்தாய் தறிக்குப் போய்க் கொண்டுவருவது சோற்றுக்குத்தான் காணும். மாதக் கடைசிக்குள் பீஸ் கட்டாவிட்டால் டி.சி.யை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஊரில் ஒரு டிரஸ்ட் இருக்கிறது. வசதிப்பட்டவர்கள் அதில் பணம் போடுவார்கள். அது இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டும். மாரித்தாய் எழுதிப் போட்டிருந்தாள். அதற்குத்தான் வீடு பார்க்க வருகிறார்கள்.

சும்மா தருகிறேன் என்பவனை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. இல்லாதவன் வீட்டைப் பார்க்க வருகிறவன், ஒன்று ஜப்தி பண்ண வருவான், இல்லை அடிமாட்டு விலைக்குக் கேட்க வருவான். பெண் பார்க்க வந்தாலும் அதே கதைதான். வீட்டில் நாலு பொருள் கிடந்தால் ஒரு பேச்சு, கிடக்காவிட்டால் வேறு பேச்சு. நம் வீட்டுப் பிள்ளையை எவனும் இளக்காரமாகப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் நான் நினைத்தேன்.

"மாமா, இதெல்லாம் வேண்டாமே" என்றாள் மாரித்தாய்.

"ஒனக்குத் தெரியாது தாயி. சும்மா இரு."

அவள் போய்ச் சோபாவைத் துடைத்தாள்.

வந்தது ஷீலா என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு தாள். சோபாவில் உட்காரவைத்துக் காபி கொடுத்தோம்.

"பிரிட்ஜ் உங்களதா தாத்தா?"

"பின்ன?"

தாளில் ஒரு கோடு போட்டாள்.

"ஆடு எத்தனை நிக்கி?"

"முப்பது." நின்றது ஏழு.

அவள் மாரித்தாயைப் பார்த்தாள். "அப்படியாக்கா?"

மாரித்தாய் தரையைப் பார்த்தபடி, "மாமா சொன்னா சரிதான்" என்றாள்.

"இந்தத் துட்டைக் குடுக்கவரு எதுக்குக் குடுக்காரு?" என்று நான் கேட்டேன்.

"நல்ல மனசுதான் தாத்தா."

நல்ல மனசு என்று சொல்லி வந்தவனிடம்தான் நான் ரெண்டு முறை ஏமாந்திருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று, மேலத்தெருவில் இன்னொரு வீடு கட்டுகிறோம் என்றும் சேர்த்துச் சொல்லிவைத்தேன்.

பத்து நாள் கழித்து மாரித்தாய் போனுக்குச் செய்தி வந்தது. கனகலட்சுமி வாசித்தாள். வசதியுள்ள குடும்பம் என்று தெரியவருவதால் உதவ இயலவில்லை. வாசித்து முடித்துவிட்டுப் பிள்ளை உள்ளே போய்ப் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தது. அழவில்லை. அழுதிருந்தால் ரெண்டு அதட்டுப் போட்டிருப்பேன்.

மாரித்தாய் எனக்குச் சோறு வைத்தாள். "விடுங்க மாமா. கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சவுகள்லாம் கெட்டா போயிட்டாக?"

"நீ அன்னைக்கே உண்மையச் சொல்லியிருக்கலாம்லா?"

"வேத்து ஆளு முன்னால உங்களப் பொய்யாக்கச் சொல்லுதீகளா?"

அவ்வளவுதான் சொன்னாள். குழம்பை ஊற்றினாள். அவள் புருசன் ஆசைப்பட்டுச் சேர்த்த பள்ளிக்கூடம், என் வாயால் போயிற்று. அவள் என் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

மறுநாள் ஆட்டை மேய்ச்சலுக்குப் பத்தாமல் டிரஸ்ட் ஆபீசுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில். பிள்ளைகளைப் பெற்றவர்கள் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். ஷீலா என்னைப் பார்த்து எழுந்தாள்.

"மொதல்ல ஒண்ணு சொல்லு. குடுக்கவருக்கு இதுல என்ன கிடைக்கும்? நல்ல மனசுன்னு சொன்னீன்னா இப்படியே எறங்கிப் போயிருவேன்."

சிரித்தாள். "வருமான வரியில கழிவு கிடைக்கும் தாத்தா. அவரு எங்களுக்குத் தர்ற பணத்துக்கு ஏத்தாப்புல அவரு கட்டுற வரி கொஞ்சம் குறையும். அதனாலதான் இல்லாத பிள்ளைக்குத்தான் போச்சுதுன்னு நாங்க சரியாக் காட்டணும். தப்பாக் குடுத்தா எங்க டிரஸ்டுக்கே கேள்வி வரும்."

"அப்ப அவருக்கும் லாபம் உண்டு?"

"உண்டு."

நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அவனுக்கும் ஒன்று கிடைக்கிறது என்றால் அது எனக்குப் புரிகிற சங்கதி. "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் பீரோ தூக்கியிருக்க மாட்டேன்லா!"

"என்ன பீரோ?"

அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். பீரோ இரவல், பிரிட்ஜ் இரவல், சோபா இரவல், ஆடு ஏழு, மேலத்தெருவில் எங்களுக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. பின்னால் ஒருவன் சிரித்தான். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

"அன்னைக்குச் சொன்னதும் நீங்கதான். இப்ப சொல்றத எப்படி நம்புறது தாத்தா?"

"நம்பாத. நானா இருந்தா நம்ப மாட்டேன். வந்து பாரு. சொல்லாம கொள்ளாம வா."

அன்று சாயந்திரமே வந்துவிட்டாள். மாரித்தாய் அப்போதுதான் தறியிலிருந்து வந்து, தலையில் பஞ்சுத் தூசியோடு நின்றாள். உட்கார நாற்காலி இல்லை. ஷீலா தரையில் உட்கார்ந்தாள்.

"நீ சொல்லு தாயி" என்றேன். "நான் இங்கன நிக்கல. நான் நின்னா நீ பேச மாட்ட."

வெளியே போய் ஆடுகளோடு நின்றேன். ஓலைத்தட்டி தானே, உள்ளே பேசுவது கேட்கத்தான் செய்தது. முதலில் மெதுவாக ஆரம்பித்தாள். பிறகு சம்பளம், மழைக்கு ஒழுகுகிற மூலை, தங்கசாமி பிள்ளையை முதல் நாள் சைக்கிளில் கொண்டுபோய் விட்டது என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். அவன் போன பிறகு மாரித்தாய் இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

கடைசியில் ஷீலா கேட்டாள். "வேற ஆதரவு யாரும் உண்டா அக்கா?"

"மாமா இருக்காகல்லா" என்றாள் மாரித்தாய். "பொய் சொல்லுவாக. ஆனா எங்களுக்காகத்தான் சொல்லுவாக."

நான் ஆட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்.

மாதம் முடிய ரெண்டு நாள் இருக்கையில், பத்தாவது வரைக்கும் பீஸை டிரஸ்டே பள்ளிக்கூடத்துக்கு நேராகக் கட்டிவிடும் என்று தாள் வந்தது. கனகலட்சுமி வாசித்தாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். அப்புறமும் ஒரு முறை வாசிக்கச் சொன்னேன். அது கேட்க நன்றாக இருந்தது என்பதற்காக.