நான்கு நிமிடத்தில் ஒரு வீடு

வேலம்பாளையத்தில் நஞ்சப்பனுடைய வீடு காலை எட்டரைக்குக் கம்பெனியாகும். மின்சார ஆபீசிலிருந்து யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால், நான்கே நிமிடத்தில் மறுபடியும் வீடாகும். ஆறு வருடப் பழக்கம்.

நஞ்சப்பனின் விசிட்டிங் கார்டில் 'வேலா இன்டர்நேஷனல், மேனேஜிங் டைரக்டர்' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. அந்த இன்டர்நேஷனல் முன்னறையில் தொடங்கிப் புறக்கடைக் குழாயடியில் முடிந்துவிடும். நான்கு ஓவர்லாக், இரண்டு பேட்லாக் என்று ஆறு தையல் மெஷின்கள், துணி வெட்டுகிற மேசை ஒன்று, எட்டு ஆட்கள். கரண்டு மட்டும் கட்டணம் குறைந்த வீட்டுக் கனெக்‌ஷன். அதனால் மேனேஜிங் டைரக்டர் எந்த அதிகாரியிடமும் அந்தக் கார்டை நீட்ட முடிந்ததில்லை. அதிகாரிகள் வரும்போதெல்லாம் அவர் கைலி கட்டிய குடும்பத் தலைவர்.

கம்பெனியை நடத்தியது அவர் மனைவி வேலாத்தாள். அவளுக்குத் தைக்கத் துணி தரும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அந்த மாதம் வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து, தையல் நடக்கிற ஒவ்வோர் இடத்துக்கும் காகிதம் கேட்டிருந்தான். "வெள்ளிக்கெழமைக்குள்ள, இது ஊடு இல்ல, கம்பெனின்னு கரண்டு ஆபீசுல எழுதி வாங்கிட்டு வந்துருங்க. இல்லீன்னா தைக்கப் பீஸ் தர முடியாதுங்க" என்றார் அந்தக் கம்பெனி மேனேஜர். பீஸ் வராவிட்டால் சனிக்கிழமை எட்டுப் பேரும் வேறு கம்பெனி வாசலில் நிற்க வேண்டியதுதான். வேலாத்தாள் அன்றே மனுக் கொடுத்தாள்.

நஞ்சப்பனுக்குப் பிடிக்கவில்லை. "ஆறு வருசமா ஒருத்தனும் கண்டுபுடிக்கல. நாமளே போயிப் புடிச்சுக் குடுக்கறதா?"

"ஒளிஞ்சு ஒளிஞ்சு எனக்குச் சலிச்சுப் போச்சுங்க."

"அபராதம் போடுவானுங்க புள்ள, அபராதம்."

"போட்டாக் கட்டிக்கலாமுங்க."

புதன்கிழமை பத்து மணிக்கு இடத்தைப் பார்க்க அதிகாரி வருவதாக ஏற்பாடு. செல்வக்குமார் என்ற அந்த இளைஞர் ஊருக்குப் புதியவர். சந்து தெரியாது என்று வேலாத்தாளே மெயின் ரோட்டில் போய் நின்றாள். அவரைக் கண்டதும் வீட்டுக்குப் போன் செய்து, "ஆபீசர் வந்துட்டாருங்க, கூட்டிட்டு வாரேன்" என்றாள்.

அவள் செய்த தவறு அது ஒன்றுதான். ஆறு வருடமாக அந்த ஒரு வாக்கியத்துக்காகவே பழகிய வீடு அது. நஞ்சப்பனுக்கு மனுவும் வெள்ளிக்கிழமையும் ஞாபகம் வருவதற்குள் அவர் கைகள் வேலையை முடித்துவிட்டன.

வேலாத்தாள் கதவைத் திறந்தாள். அதைவிட லட்சணமான வீட்டை அவளே பார்த்ததில்லை. ஓவர்லாக் மெஷின்கள் மேல் பூப்போட்ட துணி விரித்து, ஒன்றில் டிவி, ஒன்றில் முருகன் படம், மற்ற இரண்டில் அரிசி டின்கள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. துணி வெட்டும் மேசையில் மெத்தை போட்டு, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒச்சாயி போர்த்திப் படுத்திருந்தாள். அவளுக்கு எப்போதும் காய்ச்சல்காரி வேடம். மற்ற ஆட்கள் விருந்துக்கு வந்த உறவுக்காரர்கள்போலச் சுவரோரம் இருந்தார்கள். கைலியுடன் நஞ்சப்பன் பேப்பர் படித்தார். பேப்பர் தலைகீழாக இல்லை என்பதில் அவருக்குப் பெருமை.

செல்வக்குமார் ஃபாரத்தையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்கம்மா, கம்பெனின்னு எழுதியிருக்கீங்க?"

"கம்பெனிதானுங்க."

"பால் பொங்குதுங்களே."

வேலாத்தாள் அடுப்பை அணைத்தாள். முருகனைக் கும்பிட்டு இறக்கி வைத்துத் துணியை உருவினாள். மெஷினைப் பார்த்த செல்வக்குமார் தலையசைத்தார். "மெஷின் வெச்சிருக்கற ஊடு ஊருக்குள்ள நெறைய இருக்குதுங்க. ஓடோணுமில்ல? நான் பாத்தததான் எழுத முடியும்." மூலையில் நின்ற டெய்லர் சகாயராஜிடம் திரும்பினார். "நீங்க யாருங்க?"

"அக்காவுக்குத் தம்பி சார். பொங்கலுக்கு வந்தேன்."

"இது ஆடி மாசம்."

"அப்பமே வந்தேன் சார். இன்னும் போகல."

"அக்கா பேச்சு அவிநாசியில இருக்குது, தம்பி பேச்சு நாகர்கோவில்ல இருக்குது. கழுத்துல சிலுவை வேற."

சகாயராஜ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். காட்டிக்கொடுப்பதில்லை என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டவன்போல நின்றான்.

"தம்பியும் இல்ல, பொங்கலும் இல்ல. போயி உக்காரு" என்றாள் வேலாத்தாள். யாரும் அசையவில்லை. எல்லாரும் நஞ்சப்பனைப் பார்த்தார்கள். நஞ்சப்பன் பேப்பரைப் பார்த்தார். வேலாத்தாள் முந்தானையைச் செருகிக்கொண்டு, தானே ஓர் ஓவர்லாக்கில் உட்கார்ந்து பெடலை அமுக்கினாள். மெஷின் அலறியது. அவள் தைக்கத் தொடங்கினால் சும்மா நிற்க சகாயராஜுக்கு வராது. டிவியை இறக்கிவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தான். மூன்றாவது, நான்காவது, ஆறும் ஓடின. ட்யூப்லைட் மங்கி மினுக்கியது.

செல்வக்குமார் இன்னும் பேனாவைத் திறக்கவில்லை. "நான் வர்றேன்னு இன்னைக்கு ஓட்டறீங்களா, தெனமும் ஓடுதான்னு எப்படிங்க தெரியும்?"

பதில் மதிலுக்கு அப்பாலிருந்து வந்தது. பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள், நித்தம் பாடுகிற அதே ராகத்தில் கத்தினாள். "ஏ வேலாத்தா, ஆறு வருசமாச் சொல்றேன். உம்பட கம்பெனியப் போட்டா எம்பட மிக்ஸி நின்னுபோகுது. நீ ஆபீசுல சொல்லிப் பெரிய கரண்டு வாங்கறியா, நான் போயிச் சொல்லட்டுமா?"

இத்தனை வருடத்தில் அந்தக் குரல் வேலாத்தாளுக்கு இனித்தது அன்றுதான். "இப்பத்தானுங்கக்கா சொல்லிட்டிருக்கறேன்" என்று திரும்பக் கத்தினாள்.

செல்வக்குமார் பேனாவைத் திறந்தார். "ஆறு வருசத்துக்கு அபராதம் வருமுங்கம்மா."

"வரட்டுங்க. நாளைக்குக் காகிதம் கெடைக்குங்களா?"

"சாயங்காலம் வந்து வாங்கிக்குங்க."

எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் நஞ்சப்பன் உள்ளே போய்ப் பேன்ட் மாட்டிக்கொண்டு வந்து, ஆறு வருடம் காத்திருந்த கார்டை நீட்டினார். செல்வக்குமார் மரியாதையாக வாங்கி, திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் மீட்டர் நம்பரைக் குறித்துக்கொண்டு போனார்.

மெத்தை மேலிருந்து ஒச்சாயி மெல்லக் கேட்டாள். "யக்கா, நான் எந்திரிக்கட்டுமா?"

"எந்திரி, எந்திரி. அந்த மேசையில துணி வெட்டோணும்" என்றாள் வேலாத்தாள். "இனிமேல் நெசமாக் காச்ச வந்தாத்தான் படுக்கோணும்."