கமாவுக்குப் பிறகு பி.இ.

காலை ஆறு மணி ஷிப்டுக்கு வந்த முப்பத்தொரு பேரும் ஒன்பதாகியும் சுரங்கத்தின் கேட்டுக்கு வெளியேதான் நின்றார்கள். கேட் பாஸ் புதுப்பித்தவர்களின் பட்டியல் மெயிலில் வரவில்லையாம். அந்தக் கூட்டத்தில் நின்ற பழனிவேல், மந்தாரக்குப்பத்துக் கான்ட்ராக்ட் ஆபீசில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தன் மனைவி சரிதாவுக்குப் போன் போட்டான்.

"மூணு மணி நேரமா நின்னுகினு இருக்கோம். என்னா ஆச்சி?"

"பாத்துகினுதாங்க இருக்கேன்."

என்ன ஆயிற்று என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். மெயில் யார் யாருக்குப் போகவேண்டும் என்பது சர்வரில் ஒரே வரியில் இருக்கும். ஒரு பெயர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கு அடையாளமாக நடுவில் ஒரு கமா. மேனேஜர் நெடுமாறனுக்கோ தன் பெயருக்குப் பின்னால் கமா போட்டு பி.இ. என்று இருந்தே தீரவேண்டும். வீட்டுக் கதவிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறார். அந்தக் கமாவில் சர்வர் ஏமாறாமலிருக்க, பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்திருந்தாள் சரிதா. நேற்று அதைப் பார்த்துவிட்டு மனிதர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"கொட்டேஷன்ல போட்டு என் டிகிரிய நக்கல் பண்றியா? எடும்மா அத!"

"எடுத்தா மெயிலே போவாது சார்."

"எடுன்னா எடு!"

எடுத்துவிட்டாள். சர்வர் அவரை இரண்டு ஆளாக வெட்டி, பி.இ. என்ற ஆளைத் தேடிக் காணாமல் எல்லா மெயிலையும் நிறுத்திவைத்துவிட்டது.

இப்போது அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார் நெடுமாறன்.

"செட்டிங்ல கைய வெச்சது யாரு?"

"நீங்கதான சார் சொன்னீங்க..."

"எழுத்துல குடுத்தனா? மொதல்ல சரி பண்ணு."

நிற்கும் மெயில்களின் வரிசையைத் திறந்தாள். கேட்டுக்குப் போகவேண்டிய பட்டியல் மேலே இருந்தது. அதற்கு அடுத்து, எட்டரை மணிக்கு அவர் ஹெட் ஆபீசுக்கு எழுதியது: 'சரிதா, கவனக்குறைவு, இன்று முதல் பணிநீக்கம்.' வழியை அடைத்த கல்லை எடுத்தால் இரண்டும்தான் போகும். ஒன்றை மட்டும் அழிக்கலாமென்றால் முதுகுக்குப் பின்னால் அவர்.

போன் மறுபடி அடித்தது. "சரிதா, எங்ககூட நின்ன ராஜாங்கண்ணன் மயங்கி வுழுந்துட்டாரு. சீக்கிரம் பாரு!"

அவள் மேற்கோள் குறிகளைப் பழைய இடத்தில் போட்டுச் சேமித்தாள். மெயில்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பின்னாலிருந்த செருப்புச் சத்தம் அறையை விட்டுப் போனது.

ஐந்து நிமிடத்தில் பழனிவேல் கூப்பிட்டான். பின்னணியில் ஆட்கள் சிரித்துக்கொண்டு உள்ளே போகும் சத்தம் கேட்டது.

"கேட்ட தொறந்துட்டாங்க! ராஜாங்கண்ணனும் தண்ணி குடிச்சி எழுந்துட்டாரு. எல்லாம் எம் பொண்டாட்டி வேலதான்னு சொல்லிகினு இருக்கேன். இரு, எல்லாரும் உனக்கு தேங்க்ஸ் சொல்றாங்களாம்."